அம்பை (அம்பாசமுத்திரம்) வீட்டுப் பிள்ளைகள் குழு: நித்யாவின் படபடப்புக்கு ஆளுக்கொரு வைத்தியம்

*திங்கள்*

*நித்யா* · இரவு 11:48
யாராவது முழிச்சிருக்கீங்களா

*நித்யா* · 11:48
இப்பத்தான் ரூமுக்கு வந்தேன். சாப்பிடத் தோணல. நெஞ்சு படபடன்னு அடிக்குது. படுத்தா காதுக்குள்ள கேக்குது

*செல்வி மதினி* · 11:50
ஏ நித்யா, என்ன செய்யுது? வேர்க்குதா?

*சரளா அத்தை* · 11:51
நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, தாடை வலி, மூச்சு வாங்குறது, கண்ணு இருட்டுறது, ஏதாவது உண்டா? ஒண்ணு இருந்தாலும் இங்க டைப் பண்ணிட்டு இருக்காத, 108 கூப்பிடு

*நித்யா* · 11:52
ஒண்ணும் இல்ல அத்தை. போன வாரமும் வந்துச்சு, தானா போயிரும். மார்ச் 31 முடியுற வரைக்கும் ஆடிட் ஆபீஸ்ல எல்லாருக்கும் இப்படித்தான்

*சரளா அத்தை* · 11:53
சரி, படுக்காத. கட்டில் ஓரத்துல உக்காரு, பாதம் ரெண்டும் தரையில நல்லா படட்டும். ஒரு கைய தொப்புளுக்கு மேல வை. மூக்கு வழியா நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. இழுக்கும்போது நெஞ்சு தூக்கக் கூடாது, வயித்து மேல இருக்க கைதான் முன்ன வரணும். அஞ்சு நிமிஷம். போன கீழ வை

*நித்யா* · செவ்வாய், 12:07
கொஞ்சம் அடங்கிருக்கு. முழுசா இல்ல

*சரளா அத்தை* · 12:08
முழுசா அடங்காது. மொத நாளே அடங்கணும்னா அது மந்திரம். ஒரு தம்ளர் மோர் குடிச்சிட்டுப் படு. காலையில பேசுதேன்

*செவ்வாய்*

*முருகேசன் மாமா* · காலை 5:36
↪ பலமுறை பகிரப்பட்டது
*மன அழுத்தமா? கவலை வேண்டாம்!! அமுக்கரா (அஸ்வகந்தா) கிழங்குப் பொடி 1 ஸ்பூன் பாலில் கலந்து இரவு பருகினால் 7 நாளில் மனம் இரும்பாகும். பக்கவிளைவே இல்லாத மூலிகை. 10 பேருக்குப் பகிரவும்* 🌿🌿🙏

*முருகேசன் மாமா* · 5:37
நித்யாவுக்காகத்தான் போட்டேன். ராத்திரி நடந்தத இப்பத்தான் பாத்தேன்

*சரளா அத்தை* · 5:49
பக்கத்து ரூம்ல இருந்துகிட்டு இத எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்

*பிரபு* · 5:52
😂😂

*சரளா அத்தை* · 5:58
நித்யா, அத வாங்கிராத. நீ தைராய்டு மாத்திரை போடுத. அமுக்கரா தைராய்டு ஹார்மோன ஏத்தி விடும். ஏற்கெனவே படபடன்னு அடிக்கிறவளுக்கு அதக் குடுத்தா எரியுற அடுப்புல எண்ணெய்

*முருகேசன் மாமா* · 6:03
அப்ப சித்தர்கள் சொன்னது பொய்யா?

*சரளா அத்தை* · 6:09
பொய்னு யாரு சொன்னா? பதட்டம் கொறையுது, தூக்கம் வருதுன்னு சின்னச் சின்ன ஆய்வுகள்ல வந்திருக்கு. கொடுக்க வேண்டிய ஆளு பாத்துக் கொடுக்கணும். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போய், நாடி பாத்து, என்னென்ன மாத்திரை ஓடுதுன்னு சொல்லி, அவுக தந்தா தின்னலாம். வாட்ஸ்அப்ல வந்தா கூடாது

*தினேஷ்* · 6:20
அபூர்வமா கல்லீரலையும் பாதிச்சிருக்கு மாமா. டென்மார்க்ல 2023ல தடையே போட்டுட்டாங்க. கர்ப்பமா இருக்கவங்களுக்கு அறவே கூடாது

*முருகேசன் மாமா* · 6:22
நான் மூணு மாசம் சாப்பிட்டேனே, எனக்கு ஒண்ணும் ஆகலயே

*சரளா அத்தை* · 6:23
வயித்தாலப் போனத குழுவுல சொல்லட்டா?

*முருகேசன் மாமா* · 6:23
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

*நித்யா* · 8:41
😂 சிரிச்சே பாதி சரியாயிட்டு. அத்தை, ஒரு சந்தேகம். மூச்சு விடுறதுக்கும் நெஞ்சு அடிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? சும்மா மனச ஏமாத்துறதா?

*தினேஷ்* · 8:55
இல்லக்கா, நீயே சோதிச்சுப் பாரு. மணிக்கட்டுல நாடியப் பிடிச்சுகிட்டு மெதுவா மூச்சு விடு. இழுக்கும்போது லேசா வேகமாகும், விடும்போது லேசா மெதுவாகும். வேகஸ்னு ஒரு நரம்பு மூளையிலருந்து நெஞ்சு வழியா வயிறு வரைக்கும் போகுது. வெளிமூச்சு விடும்போது அது இதயத்தோட வேகத்த கொறைக்குது. அதான் விடுறது நீளமா இருக்கணும்னு அத்தை சொன்னாங்க. நாலும் ஆறும் பத்து விநாடி, அப்ப நிமிஷத்துக்கு 6 மூச்சு. சாதாரணமா நாம 12லருந்து 20 விடுறோம்

*செல்வி மதினி* · 9:02
எங்க யோகா டீச்சர் கபாலபாதிதான் டென்ஷனுக்கு நல்லதுன்னாங்க

*சரளா அத்தை* · 9:10
அது வேகமா அடிக்கிற மூச்சு. பிபி உள்ளவங்க, இதய நோய் உள்ளவங்க, கர்ப்பிணிங்க செய்யக் கூடாது. படபடப்பு வர நேரத்துல யாருமே வேண்டாம். இழுத்து அடக்கி நிறுத்துறதும் நம்ம முருகேசன் மாமாவுக்கு வேண்டாம், அவருக்கு பிபி இருக்கு

*பிரபு* · 9:31
அத்தை, நான் லேத் பட்டறையில நிக்கேன். இங்க எங்க உக்காந்து நாலு ஆறு எண்ண? எண்ணிட்டிருந்தா வெரல் போயிரும்

*செல்வி மதினி* · 9:33
இவங்க ராத்திரி பல்லக் கடிக்காங்க அத்தை. நறநறன்னு. நான் முழிச்சுக்கிடுதேன், இவங்க முழிக்கல

*சரளா அத்தை* · 9:46
பிரபு, உனக்கு வேற ஒண்ணு. வார்டுல ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி தூங்காத ஆளுகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது. படுக்கும்போது செய்யி. கால் விரல உள்ளுக்கு மடக்கி இறுக்கு, அஞ்சு எண்ணு, சட்டுன்னு விட்டுரு. விட்ட பொறவு பத்து பதினைஞ்சு விநாடி ஒண்ணும் செய்யாத, அந்த இடம் தொய்யிறத மட்டும் கவனி. பொறவு கெண்டைக்கால், தொடை, வயிறு, கைமுட்டி, தோளு, கடைசியா தாடையும் நெத்தியும். தாடையில மட்டும் ரொம்ப இறுக்காத, பல்லு உடைஞ்சா என்னக் கேக்காத

*பிரபு* · 9:48
இறுக்கமா இருக்கவன மறுபடியும் இறுக்கச் சொல்லுதீங்க?

*சரளா அத்தை* · 9:52
ஆமா. இறுகிக் கிடக்கோம்னே உனக்குத் தெரியாது, அதான் சங்கதி. வேணும்னு இறுக்கி விட்டாத்தான் தளர்ந்தா எப்படி இருக்கும்னு உடம்புக்குப் புரியும். எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1920கள்லயே இத ஆரம்பிச்சிட்டாரு. வலி உள்ள இடத்தையும், அடிபட்ட இடத்தையும் விட்டுரணும்

*கோமதி பெரியம்மா* · 10:15
🎤 குரல் பதிவு (2:41)

*நித்யா* · 10:17
பெரியம்மா, ஆபீஸ்ல கேக்க முடியாது. யாராவது எழுதுங்களேன்

*செல்வி மதினி* · 10:29
கோமதி அத்தை சொல்லுதாங்க: முருங்கைக்கீரை ஆஞ்சுகிட்டே பேசுதேன். ஒரு கட்டு ஆய முக்கா மணி நேரம் ஆகும், ஒருத்தி மேலயும் கோவம் வராது. காம்ப நுனியில பிடிச்சு அடியப் பாத்து உருவினா இலை தனியா வரும், ஈர்க்கு கையில நிக்கும், பழுத்த இலைய மட்டும் தேடி எடுக்கணும். கண்ணும் கையும் அதுலயே இருக்கும், மனசு வேற எங்க போகும்? கோலத்துலயும் அப்படித்தான், புள்ளி தப்பினா மொத்தமும் தப்பும். இந்தப் பிள்ளைக எல்லாத்தையும் பாக்கெட்டுல வாங்கிட்டு, அப்புறம் ஆப்புல மனசுக்குப் பயிற்சி தேடுதுக.
(பொறவு ஒரு நிமிஷம் பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டார் கதை, அத விட்டுட்டேன்)

*முருகேசன் மாமா* · 10:34
கோமதி மதினி சொல்றது சரி. அந்தக் காலத்துல ஆத்துல ஒரு முங்கு முங்கினா எந்தக் கவலையும் நிக்காது

*தினேஷ்* · 10:40
அதுக்கும் காரணம் இருக்கு மாமா. மூச்சப் பிடிச்சுகிட்டு முகத்துல குளிர்ந்த தண்ணி பட்டா இதயத்துடிப்பு தானா கொறையும். நீருக்குள்ள முங்குற எல்லா பாலூட்டிக்கும் அது உண்டு. அக்கா, உனக்கு ஆறு இல்லன்னா வாஷ்பேசின் போதும். நெத்தி, கண்ணச் சுத்தி, கன்னம். இதயக் கோளாறு உள்ளவங்க மட்டும் டாக்டரக் கேக்கணும்

*நித்யா* · மதியம் 1:20
லஞ்சுக்கு முன்ன மேனேஜர் கூப்பிட்டு ஒரு கத்து கத்தினாரு. வெளிய வந்து நாலு ஆறு எண்ணிப் பாத்தேன். ஒரு மண்ணும் நடக்கல. கை நடுங்கினதுதான் மிச்சம்

*சரளா அத்தை* · 1:44
நடக்காதுதான். வெள்ளம் வந்த அன்னைக்கு நீச்சல் பழகினா எப்படி? ஒண்ணும் இல்லாத நாள்ல, நல்லா இருக்க நேரத்துல, தினம் காலையில அஞ்சு நிமிஷம், ராத்திரி அஞ்சு நிமிஷம். உடம்புக்கு அந்த வழி பழகிட்டா, கத்துற அன்னைக்கு அதுவா அங்க போகும். பிரச்சன வரும்போது மட்டும் செஞ்சு பாத்துட்டு "எனக்கு இது ஒத்துவரல"னு விட்டவங்களத்தான் நான் நெறைய பாத்திருக்கேன்

*சரளா அத்தை* · 1:46
அது சரி, காபி எத்தன?

*நித்யா* · 1:47
காலையில ஒண்ணு, 11க்கு ஒண்ணு, மதியம் ஒண்ணு, 5 மணிக்கு, அப்புறம் 8 மணிக்கு லேட் ஆனா...

*பிரபு* · 1:48
ரத்தத்துல டிகாக்‌ஷன்தான் ஓடுது போல

*தினேஷ்* · 1:55
குடிச்ச காஃபீன்ல பாதி வெளிய போகவே ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஆகும்க்கா. 8 மணி காபி ராத்திரி 1 மணிக்கும் பாதி உள்ள நிக்கும்

*சரளா அத்தை* · 2:03
மதியத்தோட நிறுத்து. ஒரேயடியா எல்லாத்தையும் நிறுத்தாத, மண்டையிடி வரும். காலையில தைராய்டு மாத்திரை போட்டதும் காபி குடிக்கியோ?

*நித்யா* · 2:04
மாத்திரையையே காபியோடதான் போடுதேன்

*சரளா அத்தை* · 2:05
ஏட்டி!!

*சரளா அத்தை* · 2:08
வெறும் வயித்துல தண்ணியோட போட்டு, அரை மணியிலருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. இல்லன்னா மருந்து ஒழுங்கா சேராது. டிஎஸ்ஹெச், அதான் தைராய்டு ரத்த டெஸ்ட், பாத்து எவ்வளவு நாளாச்சு? மருந்து அளவு கூடிப்போனாலும் இதே படபடப்புதான் வரும். நாளைக்கே ரத்தம் கொடு. டாக்டர்ட்ட ஒரு ஈசிஜியும் கேளு. எல்லாத்தையும் டென்ஷன் தலையில கட்டக் கூடாது

*புதன்*

*செல்வி மதினி* · இரவு 9:40
நேத்து ராத்திரி இவங்க அந்த இறுக்கி விடுறத செஞ்சாங்க. தொடை வரைக்கும் வந்தாங்க, அதுக்குள்ள குறட்டை

*பிரபு* · 9:41
தாடைக்குப் போகவே இல்ல அத்தை. பட்டறையில தோள மட்டும் காது வரைக்கும் தூக்கி விடுதேன், டீ குடிக்கையில. பையன்க பாத்து சிரிக்கானுக

*சரளா அத்தை* · 9:50
சிரிக்கட்டும். நாளைக்கு தாடையிலருந்து ஆரம்பி. பல்லு தேஞ்சிருக்கான்னு பல் டாக்டர்ட்டயும் காட்டு

*வெள்ளி*

*நித்யா* · மாலை 6:32
டிஎஸ்ஹெச் நார்மல். ஈசிஜியும் நார்மல். டாக்டர் அத்தை சொன்னதையேதான் சொன்னாரு, 600 ரூபா வாங்கிட்டு

*முருகேசன் மாமா* · 6:34
உங்க அத்தைக்கு ஒரு கிலோ மைசூர்பா வாங்கிக் கொடு

*சரளா அத்தை* · 6:51
சந்தோசம். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ராத்திரி 11 மணி வரைக்கும் மூணு ஆளு வேலைய நீ ஒருத்தி பாத்தா, மூச்சு விட்டும் பிரயோஜனம் இல்ல, கீரை ஆஞ்சும் பிரயோஜனம் இல்ல. சுமைய இறக்குறதுக்கு ஆளு கேட்டியா?

*தினேஷ்* · 6:58
1936லயே ஹான்ஸ் செல்யேன்னு ஒரு விஞ்ஞானி எலிய வச்சு இதத்தான் சொன்னாரு. மொதல்ல உடம்பு அலறும், அப்புறம் தாங்கும், விடாம போட்டுகிட்டே இருந்தா கடைசியில ஓஞ்சு போகும். தாங்குற கட்டத்துல நல்லாத்தான் இருக்கோம்னு தோணுமாம். பரீட்சைக்குப் படிச்சது, சும்மா எடுத்து விட்டேன்

*நித்யா* · 7:15
கேட்டேன் அத்தை. கைகால் நடுக்கத்தோட. ரெண்டு கிளையண்ட் ஃபைல வேற டீமுக்கு மாத்தித் தாரேன்னாரு. ஒண்ணுதான் மாத்திருக்காரு, இன்னொண்ணு திங்கக்கிழமையாம்

*பிரபு* · 7:17
திங்கக்கிழம மறுபடியும் கேளு. கேக்காட்டி மறந்துருவானுக

*சரளா அத்தை* · 7:24
கூட வேலை பாக்குற பிள்ளைகளுக்கும் சொல்லு: ராத்திரி யார்ட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண். இலவசம், தமிழ்ல பேசுதாவ, எந்நேரமும் உண்டு. 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது. பைத்தியம் பிடிச்சாத்தான் கூப்பிடணும்னு நெனைக்காதீங்க

*நித்யா* · 7:26
என் ரூம்மேட்டுக்கு இப்பவே அனுப்புதேன். அவ என்ன விட மோசம்

*கோமதி பெரியம்மா* · 7:40
🎤 குரல் பதிவு (0:19)

*செல்வி மதினி* · 7:42
ஞாயித்துக்கிழம நெல்லை எக்ஸ்பிரஸ்ல மாமா பையன் மெட்ராஸ் வாரானாம். அவன் கையில முருங்கைக்கீரை ரெண்டு கட்டு கொடுத்து விடுதாங்களாம். ஆயாத கீரை

*நித்யா* · 7:43
எழும்பூர்ல எத்தன மணிக்கு வரணும்?