‘தென்காசி வீடு’ குழு: ரவுட்டர் கருகின மறுநாள்

மாரியப்பன் சித்தப்பா, 7:12
நேத்து இடியில ரவுட்டர் கருகிட்டு. புதுசு வர மூணு நாளாம். ஃபைபர் வந்து சேர்ற வெள்ளைப் பெட்டி தப்பிச்சுட்டு, அதுல இருந்து நேரா கம்ப்யூட்டர்ல ஒயர குத்துனேன். நெட் வரல.

செல்வி அத்தை, 7:14
இடி விழுந்த ஒயர தொடாத தம்பி. ஆள வரச் சொல்லு.

மாரியப்பன் சித்தப்பா, 7:15
வந்தான்க்கா. திரையில விண்டோஸ் இல்ல, டெபியன் லினக்ஸ்னு பாத்தான், "விண்டோஸ்னா பண்ணுவேன் சார்"னான், டீ குடிச்சான், போயிட்டான்.

கார்த்தி, 7:31
அத்தை, ஃபைபர் கண்ணாடி இழை, அதுல கரண்ட் வராது. இடி ப்ளக் பாயின்ட் வழியாத்தான் வந்திருக்கும்.
சித்தப்பா, இவ்வளவு நாளும் யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு லைன எடுத்தது ரவுட்டர்தான். அந்த லாகின் முறைக்குப் பேரு பிபிபிஓஇ. இனி அத கம்ப்யூட்டர் செய்யணும். சும்மா குத்துனா ஐபி (நெட்ல நம்ம முகவரி) கேட்டுட்டே உக்காந்திருக்கும்.

மாரியப்பன் சித்தப்பா, 7:34
அதான் தேடுனேன்லே. ஒருத்தன் ஆர்பி-பிபிபிஓஇங்கான், ஒருத்தன் பிபிபிஓஇகான்ஃபுங்கான், இன்னொருத்தன் நெட்வொர்க் மேனேஜர்ங்கான். மூணுல எந்த புரோகிராமப் போட?

கார்த்தி, 7:42
மூணும் கடைசியில பிபிபிடிங்கிற லாகின் பண்ற புரோகிராமத்தான் கூப்பிடும். ஆனா ஆர்பி-பிபிபிஓஇய பழைய முறையில ஓட்டுனா ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது டேட்டா துண்டும், கெர்னல (சிஸ்டத்தோட மையப் பகுதி) விட்டு வெளிய வந்து, ஒரு புரோகிராம் வழியா சுத்தி, திரும்ப உள்ள போகும். 2 எம்பி லைன் காலத்துல அது பரவால்ல. உங்க 100 எம்பி லைனுக்கு அந்தப் பழைய செலரான் ப்ராசஸர் மூச்சு வாங்கிரும். மத்த ரெண்டும் வேலைய கெர்னல்கிட்டயே விட்டுரும்.
நெட்வொர்க் மேனேஜரே போதும். ஏற்கெனவே உள்ள இருக்கு, கரண்ட் போயிட்டு வந்தா தானா லைன எடுக்கும். புதுக் கனெக்‌ஷன்ல 'டிஎஸ்எல்' எடுங்க. டிஎஸ்எல்னா போன் ஒயர் லைனாச்சே, நமக்கு ஃபைபர்தானேன்னு குழம்பாதீங்க, பேருதான் அப்படி.

சுரேஷ் மாமா, 7:50
எங்க ஆபீஸ்ல ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் மாதிரி வேற சிஸ்டம். அதுல இதே வேலைக்கு எம்பிடி5, கெர்னலுக்குள்ள இருக்க நெட்கிராஃப் வழியா ஓடும். ஏழு வருஷமா அத தொட வேண்டிய வேலையே வரல 😎

மீனா, 7:51
மாமா, அப்பாவ புதுசா எதையும் போட வெக்காதீங்க 🙏 பத்து மணிக்கு எனக்கு கிளாஸ்.

மாரியப்பன் சித்தப்பா, 8:20
பாஸ்வேர்டு தப்புங்குது. சரியாத்தான் அடிச்சேன்.

கார்த்தி, 8:22
முன்னாடி வேற எதுவும் போட்டீங்களா?

மாரியப்பன் சித்தப்பா, 8:23
காலைல பிபிபிஓஇகான்ஃபும் ஓட்டிப் பாத்தேன்…

கார்த்தி, 8:26
அதான்! ரெண்டும் ஒரே அக்கவுண்ட்ல முட்டிக்குது. கம்பெனிக்காரன் ஒரு லாகின்தான் விடுவான். நெட்வொர்க் செட்டிங் இருக்க இன்டர்ஃபேசஸ் ஃபைல்ல 'டிஎஸ்எல்-ப்ரொவைடர்'னு அது எழுதுன வரிகளையும், லேன் கார்டு பேர்ல எழுதுன வரியையும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. அஞ்சு நிமிஷம் விட்டு முயற்சி பண்ணுங்க, பழைய செஷன் அந்தப் பக்கம் தொங்கிட்டு இருக்கும்.

மாரியப்பன் சித்தப்பா, 8:41
வந்துட்டுலே!! 🎉 இன்னொரு லேன் கார்டுல பழைய வைஃபை டப்பாவயும் மாட்டிட்டேன்.

மீனா, 9:05
கம்ப்யூட்டர்ல எல்லாம் வருது. என் போன்ல சில சைட் திறக்குது, பேங்க் சைட் சுத்திட்டே இருக்கு.

கார்த்தி, 9:13
ஈதர்நெட்ல ஒரு பாக்கெட் 1500 பைட். பிபிபிஓஇ 8 பைட்ட எடுத்துக்கும், மிச்சம் 1492. கம்ப்யூட்டருக்கு அது தெரியும், போனுக்குத் தெரியாது. 1500 போகும்னு நினைச்சுக் கேக்குது, பெரிய பாக்கெட் வழியிலயே விழுந்துருது. "பெருசா இருக்கு"ன்னு திரும்பி வர்ற தகவலையும் சில சைட்டுக்காரங்க தடுத்து வெச்சிருக்காங்க. அதான் சிலது மட்டும் தொங்குது. 40 பைட் தலைப்பு போக ஒரு பாக்கெட்ல போகக்கூடிய டேட்டா (எம்எஸ்எஸ்) அதிகபட்சம் 1452ன்னு கம்ப்யூட்டரே குறைச்சுச் சொல்லணும். ஃபயர்வால்ல ஒரே வரி. சித்தப்பாக்குத் தனியா அனுப்பிட்டேன்.

மீனா, 9:40
வந்துருச்சு அண்ணே 🙏

செல்வி அத்தை, 9:44
இங்க கடையநல்லூர்ல வானம் கறுத்து வருது. மாரி, எல்லா ப்ளக்கையும் பிடுங்கு.

மீனா, 9:45
அத்தை!! பத்து மணிக்கு கிளாஸ்!!