புதுப்பிப்பு: கோயில்காட்டுச் செங்காந்தள்

காரைக்குடிப் பக்கம் ஒரு கோயில்காட்டில் ஐப்பசி மழைக்குப் பூத்த செங்காந்தளின் படத்தைப் போட்டு, அந்தச் செடியைப் பற்றிய பழைய பதிவுகளை எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்துக்குப் போய்வந்தேன்; செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் இடம் அது. கே. எம். மேத்யூ பாதிரியார் 1967இல் தொடங்கியது.

காய்ந்த செங்காந்தள் ஒட்டிய தாளில் அந்தச் சிவப்பும் மஞ்சளும் இல்லை, எல்லாம் பழுப்பு. ஆனால் இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருப்பதும், சூல்தண்டு (பூவின் பெண்பகுதியிலுள்ள காம்பு) பக்கவாட்டில் மடங்கியிருப்பதும் அப்படியே தெரிகின்றன. நிறம் போய்விடும் என்பதால்தான் பூவின் நிறம், இடம், தேதி எல்லாம் தாளில் ஒட்டும் சீட்டில் எழுதவேண்டியிருக்கிறது. சீட்டு இல்லாத செடி வெறும் சருகுதான்.

அப்புறம், யாரும் கிழங்கைத் தோண்டாதீர்கள். கொல்சிசின் நஞ்சு உள்ளது, கொடியும் அழிந்துவிடும். அடுத்த மழைக்குப் பூசாரி ஐயாவிடம் கேட்டு, பூவோடு ஒரு கிளை மட்டும் எடுக்கப்போகிறேன்.