அப்பாக்க 1976 ஜீப்புக்கு 16 இஞ்ச் டிஸ்க் எங்க தேட?

குலசேகரம் ஜீப் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல அப்பாக்க மகேந்திரா சி.ஜே. 3பி நிக்குது, 1976 மாடல், பானெட் உயரமா இருக்குமே அந்த வண்டி. ரப்பர் ஷீட்டு ஏத்தி மார்த்தாண்டம் போனதும் இதுலதான், எனக்க அக்காவைப் பிரசவத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனதும் இதுலதான். அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. எத்தனையோ பேரு விலை கேட்டாச்சு, நான் கொடுக்கல்ல.

போன மாசம் பஞ்சர் ஒட்டக் கொண்டு போனேன். கடைப் பையன் ஏர் கன்னை எடுத்து இடது முன்சக்கரத்துல வச்சு அழுத்திட்டான். இந்த வண்டியில இடப்பக்க நட்டு எல்லாம் இடது மரை. மத்த வண்டியில முறுக்குத திசையில திருப்பினாத்தான் இதுல கழலும். "தம்பி, நில்லு"ன்னு நான் ஓடிப் போறதுக்குள்ள ரெண்டு ஸ்டட் (நட்டு ஏறுத மரை ஆணி) முறிஞ்சு நட்டோட கீழ விழுந்துட்டு.

ஸ்டட்டை லேத்துல கொடுத்துச் சரி பண்ணியாச்சு. ஆனா டிஸ்க்கை, அதான் டயர் மாட்டுத இரும்புச் சக்கரத்தை, கழுவிப் பாத்தப்போ நெஞ்சு பதறிப் போச்சு. ரெண்டு நட்டு ஓட்டைக்கு நடுவுல தலைமுடி கணக்கா ஒரு விரிசல் ஓடுது. டயர் உக்காருத விளிம்புல துரு பரோட்டா மாதிரி அடுக்கடுக்கா உரியுது. நகத்தால தட்டினாலே ஒரு தகடு பெயர்ந்து வருது. கொஞ்ச காலம் அப்பா குளச்சல்ல இருந்து மீன் லோடு அடிச்சாரு, அந்த உப்புத் தண்ணி உள்ள இறங்கினதுதான்னு நினைக்கேன். அஞ்சு டிஸ்க்குல மூணு இந்த நிலைமை.

ஒரு மெக்கானிக் விரிசலை வெல்டிங் அடிச்சிரலாம்ங்காரு. இன்னொருத்தரு பொலேரோ டிஸ்க் அப்படியே ஏறும், அதைப் போட்டுட்டுப் போங்கங்காரு. டிஸ்க்குல 4.50இ-16ன்னு குத்தியிருக்கு, நாலரை இஞ்ச் அகலம், 16 இஞ்ச் குறுக்களவு. எனக்கு அதே அளவுதான் வேணும். எங்க கிடைக்கும்? பழசு வாங்கினா எதைப் பாத்து வாங்கணும்?

தக்கலை லேத்காரன் பதில்:

வெல்டிங் வேண்டாம் தம்பி. விளிம்புல சின்ன வளைவுன்னா தட்டி நிமித்திரலாம். நட்டு ஓட்டைப் பக்கம் விரிசல்னா அந்த டிஸ்க்கை எடைக்குப் போட்டிருங்க. வெல்டிங் சூட்டுல பக்கத்து இரும்பு உறுதி இழந்து, அடுத்த விரிசல் வெல்டிங்குக்கு ஓரமாவே தொடங்கும். பேச்சிப்பாறை இறக்கத்துல வச்சு அது விட்டா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

பழசு வாங்கப் போறப்போ ஒரு ஸ்கேல் கொண்டு போங்க. உங்க டிஸ்க்குக்கு ஓட்டை வட்டம் (நட்டு ஓட்டைகளுக்க மையம் வழியாப் போற வட்டத்துக்க குறுக்களவு) 139.7 மில்லிமீட்டர், பழைய கணக்குல அஞ்சரை அங்குலம். அஞ்சு ஓட்டையில எதிரெதிர் ஓட்டை கிடையாது, அதனால வட்டத்தை நேரா அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஓட்டைக்க நடு மையத்தை அளந்து 1.7 ஆல பெருக்குங்க. பெருக்குததுக்கு முன்ன ஸ்கேல்ல 82 மில்லிமீட்டர் வந்தா உங்களுக்குள்ளது. 67 வந்தா அது 114.3 வட்டம், வேற வண்டிக்குள்ளது. கடைக்காரர் "ஜீப்புதான்"னு சொன்னாலும் ஸ்கேலைத்தான் நம்பணும்.

விரிசல் பாக்க மெஷின் ஒண்ணும் வேண்டாம். கம்பி பிரஷ் போட்டு பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விடுங்க. துணியால நல்லாத் துடைச்சுட்டு மேல சுண்ணாம்பு பூசுங்க. விரிசல் இருந்தா உள்ள இறங்கின மண்ணெண்ணெய் வெளிய கசிஞ்சு வெள்ளையில கோடு போட்டுக் காட்டும். எங்க ஆசான் 40 வருஷம் முன்ன சொல்லித் தந்தது, இண்ணைக்கும் நான் அதைத்தான் செய்யேன்.

நட்டு உக்காருத கூம்புப் பள்ளத்தையும் பாருங்க. ஓட்டை முட்டை வடிவமா இழுத்திருந்தா எடுக்காதீங்க.

கருங்கல் பொலேரோ பதில்:

அந்த மெக்கானிக் சொன்னது பொய் இல்ல. பொலேரோவுக்கும் மாருதி ஜிப்சிக்கும் அதே 5 ஓட்டை, அதே 139.7 தான். ரெண்டும் 15 இஞ்ச். மச்சானுக்க ஜீப்புல பொலேரோ டிஸ்க்குதான் ஓடுது, 215/75 ஆர் 15 டயரோட. டயர் லேசாக் கிடைக்கும், டியூப் வேண்டாம்.

ஆனா உள்ளதைச் சொல்லணும்லா. உங்க 6.00-16 டயர் சுமார் 72 செ.மீ. உயரம். பொலேரோ டயர் 70, ஜிப்சிக்க 205/70 ஆர் 15 போட்டா 67. அப்போ வண்டி ரெண்டரை செ.மீ. தாழும், மீட்டரும் உள்ள வேகத்தை விடக் கூட்டிக் காட்டும். அகல டயர்ங்கதால நிறுத்தி ஒடிக்கும்போது ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியாச்சே. பாக்கவும் ஜீப்பு மாதிரி இருக்காது, மெலிஞ்ச டயர்தான் அதுக்கு அழகு. தினமும் ஓடுத வண்டின்னா மாத்துங்க. அப்பா ஞாபகம்னா 16லேயே நில்லுங்க.

மாஜி பட்டாளம் பதில்:

பட்டாள வொர்க்‌ஷாப்புல இந்த வண்டிகளோடதான் என் பாதி ஆயுசு போச்சு. ஒரு எச்சரிக்கை முதல்ல. ஏல வண்டிச் சாமான்ல ரெண்டாப் பிரியுத டிஸ்க் கிடைக்கும், இரண்டாம் உலகப் போர் ஜீப்புகளுக்குச் செஞ்ச மாதிரி. வெளிவட்டத்துல தனியா ஒரு வரிசை நட்டு இருக்கும். அது ரெண்டு பாதியையும் பிடிச்சிருக்கிற நட்டு. காத்து இருக்கும்போது அதைக் கழட்டினா டிஸ்க் குண்டு மாதிரி வெடிச்சுப் பிரியும். உயிர் போயிரும். ஆசைக்கு வாங்கினாலும் பஞ்சர் கடையில கொடுக்காதீங்க.

தேடுற இடம்: சென்னையில புதுப்பேட்டை, கோயம்புத்தூர்ல உக்கடம். ஆனா அங்க போறதுக்கு முன்ன நம்ம ஊரு எஸ்டேட் ஷெட்டுகளைப் பாருங்க. பழைய ஜீப் அச்சை வெட்டி டிரெயிலர் அடிச்சவங்க இங்க நிறைய உண்டு. ஜீப்பு செத்தாலும் டிஸ்க் டிரெயிலர்ல உயிரோட இருக்கும். ஆக்கர் கடைகள்லயும் (பழைய இரும்புக் கடை) சொல்லி வைங்க.

டயர் வாங்கும்போதும் கவனம். டிராக்டர் முன்சக்கரத்துக்கும் 6.00-16 உண்டு. நீளவாக்குல மூணு வரி ஓடும். அளவு ஒண்ணுதான், ஆனா அது வயலுக்கு உள்ளது. தார் ரோட்டு வேகத்துக்கு அதைப் போடாதீங்க.

குலசேகரம் ஜீப்:

அண்ணாச்சிமாரே, ரொம்ப நன்றி. பட்டாளத்து அண்ணாச்சி சொன்ன மாதிரியே ஆச்சு. கடையாலுமூடு பக்கம் ஒரு தோட்டத்துல பால் கேன் ஏத்துத டிரெயிலர் ஷெட்டுக்குப் பின்னால புல்லு மூடிக் கிடந்துது. ரெண்டு சக்கரம், ஸ்டெப்னி ஒண்ணு. முதலாளி விவரம் கேட்டுட்டு, எடை விலை தந்தாப் போதும்னுட்டாரு.

82 மில்லிமீட்டர் அப்படியே வந்துது. வீட்டு முற்றத்துல மூணையும் கிடத்தி மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எல்லாம் பாத்தேன். ரெண்டு சுத்தமா இருக்கு. மூணாவதுல நட்டு ஓட்டையில இருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஈரக்கோடு மெதுவாத் தெளிஞ்சு வந்துது. வெறும் கண்ணுக்கு அங்க ஒண்ணுமே தெரியல்ல. அதைத் தனியா வச்சிட்டேன்.

மத்த ரெண்டும் துரு எடுத்து பிரைமர் அடிச்சாச்சு. இன்னும் ஒண்ணு வேணும். திருவட்டார், அருமனை, களியல் பக்கம் யாருக்காவது டிரெயிலர் கண்ணுல பட்டா சொல்லுங்க, நான் ஸ்கேலோட வாறேன்.

தக்கலை லேத்காரன்:

கொள்ளாம் தம்பி. நட்டுப் பள்ளத்துல பெயின்ட் கட்டியா அடிச்சிராதீங்க, அது அமுங்கினா நட்டு லூசாகும். ஒண்ணு விட்டு ஒண்ணாத் தாவித் தாவி முறுக்குங்க, 50 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை திரும்ப முறுக்கணும். இடப்பக்க மட்கார்டுல "இடது மரை"ன்னு பெருசா எழுதி வைங்க, அடுத்த பஞ்சர் கடைக்காரன் ஏர் கன்னை எடுக்குததுக்கு முன்ன அவன் கண்ணுல படணும்.