புதுப்பிப்பு: சீனத் தத்தெடுப்புப் பயணம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது

சீனாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்கும் அமெரிக்கக் குடும்பங்களின் பயணத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். மாகாணத் தலைநகரில் குடிமை விவகாரத் துறை அலுவலர்கள் முன்னிலையில் குழந்தையைப் பெற்றுக்கொண்டு, தத்தெடுப்பைப் பதிவு செய்து, பிறகு குவாங்சோ நகருக்குச் சென்று குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனையும் அமெரிக்க விசாவும் முடித்துத் திரும்பும் அந்த வழி, இப்போது மூடப்பட்டுவிட்டது.

வெளிநாட்டவர் தத்தெடுப்பை முடித்துக்கொள்வதாக 2024 செப்டம்பர் 5 அன்று சீன வெளியுறவு அமைச்சகச் செய்தித் தொடர்பாளர் மாவ் நிங் அறிவித்தார். மூன்று தலைமுறைக்குட்பட்ட ரத்த உறவினரின் பிள்ளைகளையும், வாழ்க்கைத் துணையின் பிள்ளைகளையும் தத்தெடுக்க வருவோருக்கு மட்டுமே இனி அனுமதி உண்டு. 1992இல் தத்தெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் 1,50,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குச் சென்றிருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் அமெரிக்காவில் வளர்ந்தவர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரே குழந்தை என்ற கொள்கை சீனாவில் நிலவிய காலத்தில் கைவிடப்பட்டவர்களில் பெண் குழந்தைகளே மிகுதி. பிற்காலத்தில் தத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவத் தேவைகள் உள்ள பிள்ளைகள்.

என்னை மிகவும் வருத்துவது, குழந்தை இன்னதென்று முடிவாகி, படமும் மருத்துவக் குறிப்பும் கையில் கிடைத்தபின், 2020இல் பெருந்தொற்றால் பயணம் நிறுத்தப்பட்டுக் காத்திருந்த குடும்பங்களின் நிலைதான். கொள்கையை மாற்றும் உரிமை சீனாவுக்கு உண்டு. ஆனால், பெற்றோர் வருவார்கள் என்று சொல்லி வைக்கப்பட்ட பிள்ளைகளுக்காவது விலக்கு அளித்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.