மினிக்குக் கூம்பு ஃபில்டர் போட்டால் சூடு ஏறுமா?

தாப்பா998:
அப்பா ஓட்டிய மினி 1000 கார் இப்போது என் கையில். 998 சிசி. போன மாதம் தகர டப்பா ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டினேன். சத்தம் அருமை. அப்புறம் தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறினேன். லாத்தா இஸ்கண்டார் அருவி வருவதற்குள் சூட்டு ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டது. அங்கே முக்கால் மணி நேரம் நிறுத்தினேன். மறுபடி கிளப்பினால் லேசில் பிடிக்கவில்லை. பட்டறையில் "ஃபில்டர்தான் காரணம், பழையதையே போடு" என்கிறார்கள். காற்று தாராளமாகப் போனால் என்ஜின் குளிரத்தானே வேண்டும்?

போமன்மகன்:
தம்பி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டருக்குள் போகும் காற்று எரிவதற்கு, குளிர்விப்பதற்கு இல்லை. ஆனாலும் கூம்பைக் கழற்றுங்கள், காரணம் வேறு. மினியில் கார்புரேட்டர் என்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது, அதற்கு நேர் கீழே எக்ஸாஸ்ட். தகர டப்பாவுக்கு ஒரு மூக்கு உண்டே, அதைக் குளிர்காலத்தில் எக்ஸாஸ்ட் பக்கமும் வெயிலில் எதிர்ப்பக்கமும் திருப்பி வைப்பார்கள். கூம்புக்கு மூக்கு ஏது? எக்ஸாஸ்டின் மேல் உட்கார்ந்து சுடுகாற்றைக் குடிக்கிறது. 30 டிகிரிக் காற்று 60 ஆனால் அடர்த்தி சுமார் 9 விழுக்காடு குறையும். சத்தம்தான் கூடியது, சக்தி குறைந்தது.

கூம்பாளன்:
அண்ணே, வண்டி ஓடும்போது முன் கிரில் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கிறது, அங்கே 60 டிகிரி நிற்காது. நான் எட்டு வருடமாகக் கூம்புதான். தம்பி செய்த தப்பு, எஸ்யு கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியை மாற்றாததுதான். தடை குறைந்தால் காற்று கூடிக் கலவை மெலியும், மெலிந்த கலவை ஏற்றத்தில் சூட்டைக் கிளப்பும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், முனை வெளுத்திருக்கும். அப்படியே தெர்மோஸ்டாட்டையும், அதான் என்ஜின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுகிற அடைப்பானையும், எடுத்து வீசுங்கள். நம் ஊரில் பனியா கொட்டுகிறது?

போமன்மகன்:
ஊசி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். தெர்மோஸ்டாட் விஷயம் காப்பிக்கடைப் பேச்சு. மலை ஏறும்போது அது எப்படியும் முழுசாகத் திறந்துதான் இருக்கும், அப்போது எடுத்துவிட்டு என்ன லாபம்? நஷ்டம் சமவெளியில். காலையில் ஐந்து நிமிடம் பாசாருக்குப் போய் வந்தால் என்ஜின் சூடே ஆகாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். இந்த என்ஜினுக்கு 74, 82, 88 டிகிரியில் திறக்கிறது கிடைக்கிறது. நமக்கு 74 போதும். வீசச் சொல்லாதீர்கள்.

ஆமைவண்டி:
என் வோக்ஸ்வேகன் ஆமைவண்டியில் (பீட்டில்) தண்ணீரே இல்லை, காற்றுதான் குளிர்விக்கிறது. சண்டை போடுங்கள், நான் தே தாரேவுடன் வேடிக்கை பார்க்கிறேன். (பெல்ட் அறுந்த அன்று நான் அழுததை யாரும் கேட்க வேண்டாம். அந்த ஒரு பெல்ட்தான் காற்றாடியையும் சுற்றுகிறது.)

கூம்பாளன்:
74 டிகிரிக்கே திறந்துவிடுகிற ஒன்றை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? சரி, விடுங்கள். கூம்பு கெட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். காகித ஃபில்டரை எத்தனை தடவை வாங்குவது?

செம்பனைவாசி:
நான் தோட்டத்துக்குள் குடியிருக்கிறவன். தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது புரியாது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் போனால் செம்மண் தூசியில் வண்டியின் மூக்கே தெரியாது. மினியில் கியரும் என்ஜினும் ஒரே எண்ணெயில் ஊறுகின்றன. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் மண் பிஸ்டன் வளையத்தை அரைத்துவிட்டு, எண்ணெயோடு இறங்கிக் கியரையும் அரைக்கும். மற்ற காரில் ஒரு நஷ்டம், இதில் இரண்டு. பழைய ஆமைவண்டிகளில் எண்ணெய்த் தொட்டி வைத்த ஃபில்டர் வந்தது சும்மா இல்லை. எனக்குக் காகிதம்தான். நிறம் மாறினால் மாற்றிவிடுவேன், கணக்குப் பார்ப்பதில்லை.

போமன்மகன்:
தாப்பா தம்பி, இவ்வளவு பேசினோம், ரேடியேட்டரை யாரும் கேட்கவில்லை, நானும்தான். 1959-இல் மினியை வடிவமைத்த இசிகோனிஸ் என்ஜினைக் குறுக்கே திருப்பிப் போட்டார், இடம் இல்லாமல் ரேடியேட்டர் இடப்பக்கம் போனது. 1996 கடைசியில்தான் அது முன்பக்கம் வந்தது. உங்கள் வண்டியில் காற்றாடி என்ஜின் அறையின் சூடான காற்றையே ரேடியேட்டர் வழியாக இடது சக்கரப் பள்ளத்துக்குள் தள்ளுகிறது. அந்தச் சக்கரம்தான் சாலையோரச் சேற்றை வாரி இறைக்கிறது. முன் கிரில்லில் எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இடது முன் சக்கரத்தைக் கழற்றி, பள்ளத்தின் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். 13 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் மூடி நன்றாக இருந்தால் தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போனால் 100-லேயே பொங்கிவிடும்.

கூம்பாளன்:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். அருவியில் கிளப்பாமல் போனது தனிக் கதை: நிறுத்திய பிறகு அடியிலிருந்து வந்த சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். பானட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

தாப்பா998:
ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றினேன். டார்ச் வெளிச்சம் மறுபக்கம் வரவே இல்லை. ரேடியேட்டரை இறக்கிப் பார்த்தால் கீழ்ப் பாதி முழுக்க நாரும் எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண்ணும் கலந்து ரொட்டி மாவு மாதிரி அப்பியிருந்தது. சக்கரப் பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினேன். மூடியும் புதிது. பிளக் பழுப்பாகத்தான் இருந்தது, அதனால் ஊசியைத் தொடவில்லை. கூம்பைக் கழற்றாமலே ரிங்லட் வரை போய் வந்தேன். சூட்டு ஊசி பாதியைத் தாண்டவில்லை.

கூம்பாளன்:
கூம்புக்கு விடுதலை!

போமன்மகன்:
சூட்டு வழக்கில் மட்டும். தம்பி, கூம்பைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள்.

தாப்பா998:
துடைத்தேன். விரல் செம்மண் நிறத்தில் வந்தது.

செம்பனைவாசி:
நான் ஒன்றும் சொல்லவில்லை.

கூம்பாளன்:
இருங்கள், இருங்கள். அது பருத்தி ஃபில்டர். கழுவிக் காய வைத்ததும் அதற்குரிய எண்ணெயைத் தடவினால்தான் தூசியைப் பிடிக்கும். தடவினீர்களா?

தாப்பா998:
எந்த எண்ணெய்?