காயப்படுத்திய விசுவாசியை மறுபடியும் நேசிப்பது எப்படி?

கேள்வி:
கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். ஜெபக்குழுவில் நம்பிச் சொன்ன என் குடும்பக் காரியம் ஒன்று, “அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்ற முன்னுரையோடு ஒரே வாரத்தில் சபை முழுவதும் பரவிவிட்டது. பரப்பியவர் பல ஆண்டுகளாக என் அருகில் அமர்ந்து ஆராதித்த சகோதரி. இன்றுவரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு என்பதாவது அவருக்குத் தெரியுமோ என்னவோ. மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் சொல்கிறேன். ஆனால் திருவிருந்து நாளில் அவரைக் கண்டால் நெஞ்சு இறுகிவிடுகிறது. நான் இன்னும் மன்னிக்கவில்லை என்றுதானே இதற்குப் பொருள்?

மறுமொழி 1:
அப்படி இல்லை, சகோதரி. 55ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன், தன்னோடு தேவாலயத்துக்குக் கூடிப்போன தோழனல்லவா இதைச் செய்தான் என்று தாவீது அதில் புலம்புகிறார். அந்த வலியை வேதம் மறைக்கவில்லை. மத்தேயு 18:15 சொல்கிறபடி அவரைத் தனியே சந்தித்துப் பேசினீர்களா?

மறுமொழி 2:
“ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்” என்ற புதிய கட்டளை எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? யோவான் 13ஆம் அதிகாரத்தில் யூதாஸ் எழுந்து இருளுக்குள் போனதற்கும், பேதுரு மறுதலிப்பான் என்று இயேசு முன்னறிவித்ததற்கும் நடுவில் வருகிறது. காயப்படுத்தாத மனிதர்களை மனதில் வைத்து ஆண்டவர் அதைச் சொல்லவில்லை.

ஆனாலும் அன்புகூருவது வேறு, நம்பி ஒப்படைப்பது வேறு. ஊழியப் பயணத்தின் நடுவே பம்பிலியா நாட்டில் தங்களை விட்டுப்போன மாற்குவை மறுபடியும் அழைத்துச்செல்ல அப்போஸ்தலனாகிய பவுல் மறுத்தார்; அதனால் உடன் ஊழியரான பர்னபாவோடு கடுங்கோபம் மூண்டு, இருவரும் பிரிந்தே போனார்கள். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்று வேதம் சொல்லவில்லை. பின்னாளில் அதே மாற்குவை, ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று சொல்லி, பவுல் தம்மிடம் வரவழைக்கிறார் (2 தீமோத்தேயு 4:11). மூன்றே வசனங்கள் தள்ளி, கன்னானாகிய (உலோக வேலை செய்பவனாகிய) அலெக்சந்தர் தனக்கு வெகு தீமை செய்ததாகவும், தீமோத்தேயுவும் அவனைக் குறித்து எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். ஒருவரை அணைத்துக்கொண்ட அதே கைதான் மற்றவரைக் குறித்து எச்சரித்தும் எழுதியது. ஆகையால் அந்தச் சகோதரியிடம் உங்கள் இரகசியங்களை மறுபடியும் சொல்லியே தீரவேண்டும் என்று எண்ண வேண்டாம். அவரைப் பற்றி நீங்கள் பிறரிடம் சொல்லாதிருப்பதும் அன்புதான். என் அனுபவத்தில் அதுவே மிகக் கடினமான பகுதி.

மறுமொழி 3:
ஒரு திருத்தம் மட்டும். தனியே போய்ப் பேசுங்கள் என்ற ஆலோசனை இத்தகைய காரியங்களுக்குப் பொருந்தும். அடி, பாலியல் தொல்லை, அதிகாரத்தில் இருப்பவரின் மிரட்டல் ஆகியவற்றுக்குப் பொருந்தாது. அங்கே பாதிக்கப்பட்டவரைத் தனியே அனுப்புவது ஆபத்து. சட்டத்தின் உதவியை நாடுவது மன்னிப்புக்கு விரோதமும் அல்ல. சபைகளில் இவ்விரண்டையும் குழப்பிப் பலரை வாயடைத்திருக்கிறோம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. அவரிடம் தனியே பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு மூன்று பேரிடம் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன், அதுவும் “ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியே. முதலில் அந்த மூவரிடம் போகிறேன். அதன்பின் அவரைச் சந்திப்பேன்.