விண்கலத்தில் ஏறிய தகப்பன்: 1977ஆம் ஆண்டுப் படமொன்றை மீண்டும் பார்த்து ஒரு விவாதம்

ஹட்டன் இரசிகன்:
எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் திரையிடுவதற்காக ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'க்ளோஸ் என்கவுண்டர்ஸ் ஒஃப் த தேர்ட் கைன்ட்' படத்தை மீண்டும் பார்த்தேன். வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய படங்களில் இன்றும் பழசாகாமல் நிற்பது இதுவே என்பது என் கட்சி. வந்தவர்களைச் சுட்டு வீழ்த்துவதே வழக்கமாகிவிட்ட இந்த வகைப் படங்களுக்கு நடுவே, இங்கே இரு தரப்பும் இசையால் பேசிக்கொள்கின்றன. இசையமைப்பாளர் ஜோன் வில்லியம்ஸ் நூற்றுக்கணக்கான வடிவங்களை எழுதிப் பார்த்த பிறகே அந்த ஐந்து சுரங்கள் தேர்வாயின. நம் முறையில் சொன்னால் ரி, க, ச, ஒரு ஸ்தாயி கீழிறங்கிய ச, அதன்பின் ப. பஞ்சமத்தில் போய் நின்றுவிடுவதால், பதிலுக்குக் காத்திருக்கும் கேள்வியைப் போலவே அது காதில் விழுகிறது. மலையடிவாரத் தளத்தில் விஞ்ஞானிகள் மின்னிசைக் கருவியில் அதை வாசிக்க, வந்தவர்களின் தாய்க்கலம் டியூபா என்ற ஊதுகருவியின் அடிக்குரலில் பதில் சொல்லிக் கண்ணாடியை நொறுக்கும் இடம் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

பண்டாரவளை டீச்சர்:
இசையைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. என் வழக்கு கதாநாயகன் ரொய் நீரியோடுதான். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மின்கம்பி பழுதுபார்க்கும் தொழிலாளியான அவர், ஓர் இரவு வானத்தில் ஒளிகளைக் கண்டபின், மனத்துக்குள் புகுந்துகொண்ட ஒரு மலையின் உருவத்தால் ஆட்டுவிக்கப்படுகிறார். சாப்பாட்டு மேசையில் மசித்த உருளைக்கிழங்கைக் குவித்து அந்த மலையைச் செய்கிறார். பிறகு தோட்டத்து மண்ணை வாரி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே கொட்டுகிறார். மனைவி ரொனி மூன்று பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறாள். அதன்பின் ஒரு தொலைபேசி அழைப்போடு அவள் கணக்கு முடிந்துவிடுகிறது. கடைசியில் ரொய் விண்கலத்தில் ஏறிப் போகும்போது, பிள்ளைகளின் நினைவு அவர் முகத்தில் ஒரு கணமாவது வந்து போனதா என்று தேடிப் பார்த்தேன், காணவில்லை.

எங்கள் பாடசாலையில் தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் பிள்ளைகள் பலர் உள்ளனர். அம்மா அழைக்கும் நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டுமென்று மாலை வகுப்பைத் தவிர்க்கும் ஒரு மாணவியை எனக்குத் தெரியும். அந்தத் தாய் பிள்ளைகளுக்காகப் போயிருக்கிறாள். ரொய் யாருக்காகப் போகிறார்? தமக்குப் பிள்ளைகள் பிறந்தபின் இதை எழுதியிருந்தால் அவரைப் போக விட்டிருக்கமாட்டேன் என்று ஸ்பீல்பேர்க்கே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

ஹட்டன் இரசிகன்:
டீச்சர், படம் இதை மறைத்திருந்தால் உங்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். உருளைக்கிழங்குக் காட்சியில், தகப்பனைப் பார்த்தபடி மூத்த மகன் சத்தமில்லாமல் அழுவதைக் கெமரா நமக்குக் காட்டுகிறது. இயக்குநர் அங்கே யார் பக்கம் நிற்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஸ்பீல்பேர்க்கின் தந்தை கணினிப் பொறியியலாளர், தாய் பியானோக் கலைஞர். இருவரும் பின்னர் பிரிந்துவிட்டார்கள். இந்தப் படத்தில் மனிதரும் வந்தவர்களும் கணினியில் இசைத்தே பேசிக்கொள்கிறார்கள் என்பதை ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் அவரிடமே சுட்டிக்காட்டினார்கள். பிரிந்த வீட்டுப் பிள்ளை ஒருவரின் ஆசை இந்தப் படத்துக்குள் இருக்கிறது.

மஸ்கெலியா வாசகன்:
அண்ணா, டீச்சர், இருவரும் மனிதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். மலையைப் பற்றியும் பேச வேண்டும். கலம் இறங்கும் இடம் வயோமிங் மாநிலத்தின் டெவில்ஸ் டவர். 1906இல் தியோடர் ரூஸ்வெல்ட் அதை அமெரிக்காவின் முதலாவது தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். அதற்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே லகோட்டா, செயென், கியோவா முதலான மக்களுக்கு அது புனிதத் தலம். கரடிகளுக்கு அஞ்சி ஓடிய ஏழு சிறுமிகளைக் காப்பாற்ற அந்தப் பாறை உயர்ந்து வளர்ந்தது என்றும், அவர்கள் வானேறிக் கார்த்திகை நட்சத்திரங்கள் ஆனார்கள் என்றும் கியோவா மக்கள் சொல்வார்கள். மனிதர் வானத்துக்குப் போகும் கதை அந்தப் பாறைக்கு ஏற்கெனவே இருக்கிறது. படத்தில் அதைச் சொல்ல ஒருவருமில்லை.

டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாத மலைக்குப் போகும் கூட்டம் எங்கள் ஊர் வழியாகத்தான் ஏறுகிறது. பௌத்தரும் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் சொந்தம் கொண்டாடும் மலை அது. அந்த மலையை மனதில் வைத்து 1979இல் நாவல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், விண்வெளி மின்தூக்கிக்கு இடம் கேட்டு வரும் பொறியியலாளரை உச்சியிலுள்ள துறவிகள் எதிர்ப்பதாகவாவது எழுதினார். ஸ்பீல்பேர்க்கின் மலையிலோ இராணுவமும் விஞ்ஞானிகளும் தவிர வேறு குரலே இல்லை.

பண்டாரவளை டீச்சர்:
தம்பி, ஊரார் ஏன் இல்லை என்பதற்குப் படமே காரணம் சொல்கிறது. புகையிரதம் தடம்புரண்டு நச்சுவாயு கசிந்துவிட்டதாக அரசு பொய்ச் செய்தி பரப்பி அவர்களை வெளியேற்றிவிடுகிறது. அந்தப் பொய்யை நம்பாத ரொய் வீரராகிறார். நம்பிப் புறப்பட்டவர்கள் ஏமாளிகளாகிறார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடிய மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை என்னால் இலகுவாக இரசிக்க முடியவில்லை. வெளியேறச் சொல்லும் எச்சரிக்கையை நம்புவதா, நம்பி எங்கே போவது என்பது எங்களுக்கு மழைக்கு மழை வரும் கேள்வி. வரவேற்பு விழாவுக்கு இடம் ஒதுக்குவதற்காக அப்படி ஒரு பொய்யைச் சொன்னவர்களிடம் படம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அண்ணன் சொன்ன குடும்பக் கதை ஸ்பீல்பேர்க்கைப் புரிந்துகொள்ள உதவும். அதற்காக ரொனிக்கு இழைத்தது சரியாகிவிடாது.

ஹட்டன் இரசிகன்:
பொய்யைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பொய்யை அவிழ்த்துக் காட்டுவதும் இதே படந்தான். எந்தப் பதிப்பைத் திரையிடுவது என்பதையாவது முடிவு செய்வோம். 1980 பதிப்பில், தயாரிப்பு நிறுவனத்தின் விருப்பப்படி தாய்க்கலத்தின் உட்புறத்தைக் காட்டினார்கள். வீட்டுக்குள் மண் கொட்டும் காட்சி வெட்டுப்பட்டது. 1998 பதிப்பில் உட்புறம் நீக்கப்பட்டு, மண் காட்சி திரும்பி வந்தது. என் தெரிவு 1998.

மஸ்கெலியா வாசகன்:
எனக்கும் அதுவே சரி. உட்புறம் வெறும் மின்விளக்கு அலங்காரம்.

பண்டாரவளை டீச்சர்:
மண் காட்சி இருக்கும் பதிப்பு என்றால் நானும் வருகிறேன். படம் முடிந்தவுடன் முதலில் ரொனியைப் பற்றிப் பேசுவோம். ஐந்து சுரங்கள் அதற்குப் பிறகு வரட்டும்.